எட்டு விண்ணப்பமும் என் பத்தாம் வகுப்பும்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எனக்கே சில இடம் புரியாது. பிழைகளும் நிறைய இருக்கும், திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படி என்பதுதான் நான் சொல்லப்போகும் விஷயமே.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சூளையிலிருந்து வரும் பீங்கான் ப்யூஸ்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதை ஒதுக்கிவைப்பது என் வேலை. யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போன வேலை.

பெண் பார்க்கக் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனபோதும் நான் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை என்ன படிப்பு என்று என் வருங்கால மாமனார் கேட்டார். பக்கத்தில் இருந்த என் தாய்மாமன், "பத்தாவதுங்க. இங்கிலீசுல மட்டும் போயிட்டுது" என்று ஒரு போடு போட்டார். நான் படித்தது அஞ்சாவது. மறுத்துச் சொல்ல நாக்கு எழவில்லை. தலையைக் குனிந்து தட்டில் இருந்த கேசரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை அடக்கமானவர் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அந்தக் கேசரிக்கு இருபத்தைந்து வருஷம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வங்கியில் படிவம் நீட்டினால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பேன். மகள் ஏழாவது படிக்கும்போது கணக்குப் புத்தகத்தோடு வந்தால் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேட ஆரம்பிப்பேன். என் மனைவி ஒன்பதாவது வரை படித்தவள். நான் தேடி முடிப்பதற்குள் அவளே சொல்லிக்கொடுத்துவிடுவாள்.

மகள் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷம் சென்னையில் வேலை பார்த்தாள். பிறகு அமெரிக்காவில் மேலே படிக்க வேண்டும் என்றாள். கம்ப்யூட்டர் படிப்புக்கு அங்கே உலகமே போய் வரிசையில் நிற்கிறதாம். எட்டுப் பல்கலைக்கழகங்களைத் தேர்ந்தெடுத்து, எட்டாத இடம், எட்டினாலும் எட்டும் இடம், கிடைத்துவிடும் இடம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு கட்டுரை வேறு எழுத வேண்டும். அதை ஒரு மாதம் எழுதி எழுதி அழித்தாள். படிக்கப் பிடிக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதாதா, அதற்கு இரண்டு பக்கமா என்று கேட்டாள் அவள் அம்மா.

போன வருஷம் கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது எல்லாவற்றையும் முடித்து அனுப்ப உட்கார்ந்தாள். சிக்னல் கிடைக்கும் ஜன்னல் ஓரமாக லேப்டாப். கேள்விகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே பதில்களைக் கடைசி முறையாகச் சரிபார்த்தாள். பெற்றோர் படிப்பு என்ற கேள்வி வந்தது. "அப்பா பத்தாவது, அம்மா ஒம்பதாவது. சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள்.

கடைசியில் ஒரு உறுதிமொழி இருந்தது. சொன்னதெல்லாம் உண்மை, பொய் என்று தெரிந்தால் சேர்ந்த பிறகும் இடம் ரத்தாகும் என்று அதற்கு அர்த்தம் சொன்னாள். அமெரிக்காவிலிருந்து ஒரு அதிகாரி வந்து, நான் படித்த ஆரம்பப் பள்ளியில் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டுவது கண் முன்னால் தெரிந்தது. ஒரு பொய்யென்றாலும் பரவாயில்லை, எட்டு இடத்தில் எட்டுப் பொய்.

அவள் பட்டனை அமுக்கப் போகும்போது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலரை. ராகுகாலம் ஆரம்பித்துவிட்டது, ஆறு மணிக்கு மேல் அனுப்பு என்றாள்.

"அங்க இப்பதான் காலைல ஆறு மணிம்மா. அவங்களுக்கு ஏது ராகுகாலம்?"

"பட்டன அமுக்குறது நம்ம வூட்லதான?"

மகள் முணுமுணுத்துக்கொண்டே தலைக்குக் குளிக்கப் போனாள். எனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. ராகுகாலத்துக்கு நன்றி சொன்ன ஆள் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு ஜங்ஷன் வரைக்கும் நடந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எந்த வாக்கியமும் பாதிக்கு மேல் போகவில்லை. வெறும் கையோடு திரும்ப வெட்கமாக இருந்ததால் பஜ்ஜி வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. மகள் ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி லேப்டாப் முன்னால் இருந்தாள். பொட்டலத்தை அவள் பக்கத்தில் வைத்தேன்.

"அந்தப் பத்தாவதுல ஒரு சின்னத் திருத்தம் இருக்குது" என்றேன்.

"ஏம்ப்பா, பாஸா?"

"இல்ல. அஞ்சாவது."

அவள் கையில் எடுத்த பஜ்ஜி அப்படியே நின்றது. நான் சுவரைப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல்தான் முதலில் வந்தது.

"இப்பவாச்சும் வாயத் தொறந்தீங்களே."

கல்யாணமான மூன்றாம் மாதமே, டிரங்குப் பெட்டியைத் துடைக்கும்போது என் அஞ்சாம் வகுப்பு டி.சி. அவள் கையில் கிடைத்துவிட்டதாம். படித்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாளாம். ஏன் கேட்கவில்லை என்றேன்.

"பத்தாவது படிச்ச மாப்பிள்ளன்னு எங்கப்பா ஊரு முச்சூடும் சொல்லிட்டாரு. அவரு சந்தோசத்த நான் எதுக்குக் கெடுக்கணும்? நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதுவுமில்லாம, இவ கணக்கு கேக்குறப்பல்லாம் நீங்க கண்ணாடி தேடுறத விட்டா எனக்கு வேற சிரிப்பு ஏதுங்க?"

மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திருத்துவதற்காக அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போனாள். அடுத்த விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டாள்.

"அப்பா, இதுல அஞ்சாவது, பத்தாவதுன்னு தனித்தனியா இல்ல. பன்னண்டாவது முடிக்காதவங்க எல்லாருக்கும் ஒரே கட்டம். அதத்தான் நான் டிக் பண்ணியிருக்கேன். எதயும் மாத்த வேண்டாம்."

எட்டிலும் அப்படித்தான் இருந்தது. அமெரிக்காவுக்கு நான் பொய்யே சொல்லியிருக்கவில்லை. ஜங்ஷனுக்கு நடந்திருக்கவும் வேண்டாம். அமெரிக்காக்காரன் கணக்கில் நானும் அவளும் ஒரே படிப்பா என்று என் மனைவிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். நாலு கிளாஸ் கூடப் படித்ததற்கு மரியாதை இல்லையே என்றாள். ஆறு மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து மகள் பட்டன்களை அமுக்கினாள். பஜ்ஜி ஆறிப்போயிருந்தது. அன்றைக்கு நான்தான் அதிகம் சாப்பிட்டேன்.

பங்குனி மாதம் பதில்கள் வந்தன. ஐந்து இடத்தில் இல்லை என்றார்கள். இரண்டு இடத்தில் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு இடத்தில் வா என்றார்கள், அதுவும் எட்டாத பட்டியலில் இருந்த இடம். மாமனார் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். அப்பன் அந்தக் காலத்துப் பத்தாவது, அந்த ரத்தம் பேசுகிறது என்று அவர் சொல்லிக்கொண்டு திரிந்ததாக என் காதுக்கு வந்தது.

மகள் ஆடி கடைசியில் விமானம் ஏறினாள். ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறாள். அங்கே பனி கொட்டுகிறதாம், இரண்டு சட்டை போட்டும் குளிர்கிறதாம். பேச்சு முடியும்போது ஒவ்வொரு வாரமும், தாத்தாவிடம் எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்பாள். வாயால் சொல்ல வராது என்றேன். அப்படியென்றால் எழுதி எடுத்துக்கொண்டு போய்ப் படித்துக் காட்டுங்கள் என்றாள்.

அதனால்தான் இந்த நோட்டு. படிக்கவும் நாக்கு எழாவிட்டால் மாமனார் கையிலேயே கொடுத்துவிடுவேன். நாளைக்குக் காலை பஸ்ஸில் கருவேப்பிலங்குறிச்சி போகிறேன். ஜிலேபியும் வாங்கிக்கொண்டுதான் போவேன். இன்றைக்கு நாலரை மணிக்கே எழுதி முடிக்கப் பார்த்தேன். ராகுகாலம் போகட்டும் என்று என் மனைவி பேனாவை வாங்கி வைத்துக்கொண்டாள். ஆறு மணிக்கு மேல் திரும்பக் கொடுத்தாள்.

கார்த்திகை 14, ஞாயிற்றுக்கிழமை.