மூன்றாம் தரம்

கோவிந்தனை நம்பும் சொந்தங்களுக்கு வணக்கம். என் வீட்டுக்காரர் புத்தூர் மாங்காய் மண்டியில் ஏலம் கூவுகிறவர். அவர் ‘ஒரு தரம்’ என்றால் ரோட்டில் போகிறவர்களும் நின்று பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட தொண்டை இரண்டு சீசனுக்கு முன்னால் அடங்கிப்போயிற்று. ஓயாத இருமல், காய்ச்சல். ஒருநாள் துண்டில் ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

படம் எடுத்ததில் நெஞ்சில் குழி மாதிரி தெரிந்தது. சளியில் டி.பி. கிருமி அகப்படவில்லை. இருந்தாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் விழுங்கியும் காய்ச்சல் விடவில்லை. வந்தவர்களெல்லாம் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, “இது பொறக்கும்போதே நுரையீரல்ல இருந்த நீர்க்கட்டிம்மா. இப்ப அதுக்குள்ள ஏதோ கிருமி பூந்திருக்கு. எதுன்னு தெரிஞ்சாதான் சரியான மருந்து குடுக்க முடியும்” என்றார். கட்டியிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்குள் இவருக்கு மூச்சு முட்டியது. ஆக்சிஜன் வைத்தார்கள்.

வராந்தாவிலிருந்து பார்த்தால் மலை தெரியும். வேண்டுதல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. சண்டைதான் வந்தது.

“ஏழுமலையானே! ஒரு தரம், ரெண்டு தரம்... மூணாம் தரம் நான் சொல்ல மாட்டேன். சொன்னா ஏலம் முடிஞ்சிரும், எமன் தூக்கிக்கினு பூடுவான். அத்த என் வூட்டுக்காரரே உன் மலைக்கு வந்து சொல்லட்டும். அதுக்கு மூச்சு நீதான் குடுக்கணும்!”

சொன்னதும் அழுகை நின்றது. பெருமாள் கேட்டுவிட்டார் என்று மனசுக்குத் தெரிந்தது. மறுநாளே டாக்டரம்மா சிரித்துக்கொண்டு வந்தார்.

“கிருமி தெரிஞ்சிடுச்சும்மா. மண்ணுல இருக்கறது. இந்த மாதிரிக் கட்டியில வர்றது ரொம்ப அபூர்வம். ஆனா மருந்து இருக்கு.”

மருந்தை மாற்றியதும் காய்ச்சல் இறங்கியது. பல மாதம் மருந்து சாப்பிட்டபின் ஆபரேஷன் செய்து கட்டி இருந்த பகுதியை எடுத்தார்கள். இனி எங்கே கூவப்போகிறார் என்று ஊரில் பேசினார்கள். பார்க்கத்தானே போகிறீர்கள் என்றேன்.

இந்த வருஷம் சீசன் தொடங்கும் முன், டாக்டரம்மாவைக் கேட்டுக்கொண்டு அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படி ஏறினோம். உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். நான் போட்ட சண்டையை வழியில் அவரிடம் சொன்னேன். மலைமேல் கோபுரம் தெரிந்ததும் நின்றார்.

“இன்னாமே, நீ பாக்கி வச்சத நான் சொல்லட்டா?”

“சொல்லுங்க. மலையே கேக்கட்டும்!”

“மூணு தரம்! கோவிந்தா!”

முன்னால் போனவர்களெல்லாம் திரும்பி நின்று ‘கோவிந்தா’ என்றார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இப்போது அவர் மறுபடி மண்டியில் கூவுகிறார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் மலைப் பக்கம் பார்த்துக் கும்பிடுகிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருந்தால் மருந்தை விடாதீர்கள். பெருமாளிடம் உரிமையோடு சண்டை போடுங்கள். மூன்றாம் தரத்தை மட்டும் நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.