இருவருக்கும் கேட்டால்தான் கணக்கு

எங்கள் வீட்டில் ஒரு பறவை பட்டியலில் ஏற வேண்டுமென்றால் நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்திருக்க வேண்டும். புதருக்குள் ஒளிந்தே வாழ்கிற சாதியென்றால் குரல் போதும், ஆனால் அது இருவர் காதிலும் விழ வேண்டும். சட்டம் போட்டவர் என் கணவர். அடி வாங்கியவள் நான். எல்லையோரத்து ஏரியில் நான் கண்டு துள்ளிக் குதித்த பூநாரையை, "உது மிருகக்காட்சிச்சாலையிலை இருந்து தப்பினதின்ரை வம்சமாம், சேராது" என்று வெட்டிவிட்டார். வேலைக்குப் போகும் வழியில் நான் தனியாகக் கண்ட கரும் மரங்கொத்தியும் அப்படியே போயிற்று. கெஞ்சிப் பார்த்தேன். "பொய்க் கணக்கு எழுதுறதெண்டால் ஏனப்பா விடியக்காலமை எழும்புவான்?" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதர், என்ன செய்வது?

இந்த வருடம் பனி கரையத் தொடங்கியதிலிருந்தே எனக்கு ஒரு பயம். மைக்ரோவேவ் கத்திக்கொண்டே கிடக்கும், இவர் பக்கத்தில் நின்று தேத்தண்ணி குடிப்பார். "காதை ஒருக்காக் காட்டுங்கோவன்" என்றால் எரிந்து விழுவார். அவருக்குச் சரக்கு ரயில் நிலையத்தில் பெட்டி கோர்க்கிற வேலை. தண்டவாளத்துக்கு நடுவே நிற்கும்போது எச்சரிக்கை விசில் கேட்காவிட்டால் வேலை மட்டுமா போகும்? வேலையிடத்து டொக்டர் காதைச் சோதிக்க திங்கட்கிழமைக்கு நேரம் குறித்து டெர்மின் கொடுத்திருந்தார். அதைப் பற்றி வீட்டில் வாயே திறக்கக்கூடாது.

அதற்கு முந்திய சனிக்கிழமை, ஊன்ட்றொப் ஊரின் அம்மன் கோயிலடியில் காரை விட்டுவிட்டு, கால்வாயைத் தாண்டி ஆற்றோரப் புல்வெளிக்கு நடந்தோம். நாங்கள் வருடக்கணக்காகத் தேடிய ஒரு குருவி அங்கே வந்திருப்பதாகக் கேள்வி. ஜெர்மன்காரர் அதை ஃபெல்ட்ஷ்விர்ல் என்பார்கள். கண்ணில் படவே படாது. தையல் மெஷினை மிதித்துவிட்டு நிறுத்த மறந்ததுபோல ஒரே மூச்சில் இரைந்துகொண்டிருக்கும், மிக மெல்லிய கீச்சுக் குரலில்.

புல்வெளிக்குள் இறங்கியதும் எனக்குக் கேட்டுவிட்டது.

"இஞ்சேருங்கோ! கேக்குதோ?"

"எது?"

"உந்தப் பத்தைக்குள்ளை. விடாமல் இரையுது."

கையைக் காதில் குவித்துக்கொண்டு நின்றார். "காத்து" என்றார்.

"காத்தில்லை. அதுதான், எங்கடை தையல்மெஷின்!"

"உமக்குப் பிரமை." அந்த நேரம் பார்த்து தூரத்து மரத்திலிருந்து ஒரு குயில் கூவியது. "உந்தா, குயில் கேக்குது. வேறை ஒண்டும் இல்லை."

அவ்வளவு தூரத்தில் கூவுகிற தடித்த குரல் கேட்கிறது, காலடியில் இரைகிறது கேட்கவில்லை. புதரை நோக்கி அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போனேன். என் காது கூசுகிற அளவுக்கு அது இரைந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். வெறும் முகம். நெற்றியில் வேர்த்திருந்தது, அந்தக் குளிரில்.

பிறகு குருவி நிறுத்திவிட்டது. குயிலும் இல்லை. புல்லில் காற்றுகூட இல்லை.

"ஓம்!" என்றார் திடீரென்று. "கேக்குது! இப்ப வடிவாக் கேக்குது. எழுதும்."

பட்டியல் என் கைபேசியில்தான் இருக்கிறது. எடுத்தேன், விரல் ஓடவில்லை. பூநாரையை வெட்டிய மனிதர். ஒரு மரங்கொத்திக்குக்கூட இரங்காத மனிதர். அவர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

எழுதிவிட்டால் வீட்டுக்குச் சிரித்துக்கொண்டு போகலாம். ஆனால் திங்கட்கிழமையும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சத்தம் கேட்டால் அமத்தவேண்டிய பொத்தானை இப்படித்தான் குருட்டுவாக்கில் அமத்துவார். கடவுளே, தப்பித் தவறித் தேறிவிட்டால்? செவ்வாய்க்கிழமை மறுபடி அந்தப் பெட்டிகளுக்கு நடுவே போய் நிற்பார்.

"எழுதமாட்டன்" என்றேன்.

"ஏன்?"

"இது சேராது."

"எனக்குக் கேக்குதெண்டு சொல்லுறன், பிறகென்ன?" அவர் கத்திய கத்தில் ஆற்றங்கரையில் நின்ற வாத்துகள் எழும்பிப் பறந்தன. "ரெண்டு பேருக்கும் கேக்கவேணும் எண்டதுதானே சட்டம்?"

"ஓம். ஆனால் எனக்கு இப்ப கேக்கேல்லையப்பா."

அவர் புதரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இறங்காத அந்தத் தோள் இறங்கிவிட்டது.

"எப்ப நிண்டது?" என்று கேட்டார், சின்னக் குரலில்.

பதில் சொல்ல நான் வாயெடுக்கவும், புதருக்குள் அது மறுபடி இரையத் தொடங்கவும் சரியாக இருந்தது. அவர் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.