உள்ளேயிருந்து திறக்காத கதவு

கார்க் கதவின் பூட்டு கெட்ட பிறகுதான் மனிதனுக்கு எலக்ட்ரீசியன் ஞாபகம் வருகிறது. அதுவரை ரிமோட்டை அமுக்கினால் நாலு கதவும் தானாகத் திறப்பது தன் பிறப்புரிமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நீங்களும் ஒருநாள் மழையில், ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் குழந்தையுமாக, திறக்காத கதவை இழுத்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அப்போது நீங்கள் திட்டித் தீர்த்தது என்னைப் போன்ற ஒருவனைத்தான். பரவாயில்லை, எங்களுக்குப் பழகிவிட்டது.

என் கடை கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸ் போகிற ரோட்டில் இருக்கிறது. ஹாரன், லைட், கண்ணாடி, பூட்டு என்று காரில் கரண்ட் ஓடுகிற எல்லாமே என் பாடு. அதில் பூட்டு வேலைதான் அதிகம். சிரிக்கலாம் என்று படிக்க உட்கார்ந்தவர்கள் முதல் துணுக்கோடு எழுந்து போய்விடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிசாசு பிடித்த கார்

சாமுவேல் சார் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அவர் நிறுத்தியிருந்த கார், உள்ளே பிரசங்கம் நடக்கும்போது தானாகப் பூட்டிக்கொண்டு, தானாகத் திறந்துகொண்டு, மறுபடியும் பூட்டிக்கொண்டு டக் டக் என்று சத்தம் போட்டிருக்கிறது. சபையில் பாதிப் பேர் பிரசங்கத்தை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்களாம். சுரங்கத்தில் செத்தவர்கள் யாரோ ஏறப் பார்க்கிறார்கள் என்று சொல்லி, சார் வீட்டம்மா நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் டோர் பேடைக் கழற்றினேன். கதவின் உள்பக்கம் இருக்கிற அட்டைக்குத்தான் அந்தப் பெயர். அதற்குப் பின்னால் உள்ளங்கை அளவு பூட்டு ஒன்றும், அதை இழுத்துவிட ஒரு குட்டி மோட்டாரும் சேர்ந்தாற்போல் இருக்கும். லாக் செட் என்போம். அதைப் பிரித்துக் கவிழ்த்ததும் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி கொட்டியது. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டை யாரும் மூடவில்லை. காற்றடித்தால் அந்தத் தூசி எங்கள் சோற்றிலேயே விழுகிறது, காரை மட்டும் விட்டுவைக்குமா? "பிசாசு இல்ல சார், மேட்டுத் தூசி" என்றேன். சார் நிம்மதி அடைவார் என்று பார்த்தால், முகம் இன்னும் வாடிவிட்டது.

"பிசாசுன்னா ஜெபம் பண்ணித் தொரத்தலாம். தூசின்னா இன்னா பண்றது, நீயே சொல்லு?"

பின்பக்கம், இடது கதவு

செல்வராஜ் டாக்ஸி ஓட்டுகிறவன். என்னைவிடச் சின்னவன்; அண்ணா என்றுதான் கூப்பிடுவான். அவன் அப்பா முனுசாமி சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பாறைத் தூசியை ஆயுசு முழுக்க நெஞ்சில் வாங்கியவர், இப்போது நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். வாராவாரம் அவரைக் கோலார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவான். அப்பா உட்காருவது எப்போதும் பின்பக்கம், இடது கதவோரம். அந்தக் கதவின் பூட்டுதான் மக்கர் செய்தது.

பிரித்துப் பார்த்தேன். மோட்டார் செத்திருந்தது. அதோடு, உள் கைப்பிடியிலிருந்து வருகிற கம்பியை மாட்டும் பிளாஸ்டிக் கொக்கியும் முறிந்திருந்தது. ஒட்டுப்போடுகிற சமாச்சாரம் இல்லை, முழு செட்டையும் மாற்றவேண்டும், அது பெங்களூரிலிருந்து வரவேண்டும். அதுவரை கார் என் கடையிலேயே நிற்கட்டும் என்றேன். ஆஸ்பத்திரி நாள் தவறக்கூடாது என்றான். அதுவும் நியாயம்தான். மோட்டார் ஒயரைக் கழற்றிவிட்டு, பூட்டைத் திறந்த நிலையிலேயே வைத்தேன்.

"நல்லாக் கேட்டுக்கோ. இந்தக் கதவு வெளியிலிருந்து இழுத்தா தெறக்கும். உள்ளேயிருந்து தெறக்காது. நீ ரிமோட்டுல பூட்டினாலும் இது பூட்டிக்காது. ஸ்பேர் வர்ற வரைக்கும் அப்பாவ முன் சீட்டுல உக்கார வை" என்று, குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"உள்ளேருந்து எவன் ணா தொறக்கப் போறான்? எங்கப்பா சொரங்கத்துல கேஜ்ல ஏறி எறங்குனவரு, கதவத் தொடவே மாட்டாரு."

உள்ளே இருக்கிறவன் வேலை

அது கேலியில்லை, நிஜம். அன்றைக்கே என் கண்ணால் பார்த்தேன். வேலை முடிந்து செல்வராஜ் எதிர்க் கடைக்குப் போயிருந்தான். கூட வந்திருந்த பெரியவர் முனுசாமி காருக்குள் உட்கார்ந்தபடி விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினார். இறங்கவேண்டும் போலிருக்கிறது என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவர் இறங்கவில்லை. "நீ இன்னா பேங்க்ஸ்மேனா? மூடு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகன் வந்து, மூடிய கதவை மறுபடி திறந்த பிறகுதான் காலை வெளியே வைத்தார்.

ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜில் அதுதான் சட்டம் என்று பிறகு அவரே மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். உள்ளே இருக்கிறவன் மணியடிக்கலாம். கதவில் கை வைக்கக்கூடாது. மேலே நிற்கிற பேங்க்ஸ்மேன் ஒருவன்தான் திறக்கவேண்டும். அவசரப்பட்டுத் தானே திறந்த கூட்டாளி ஒருவன் ஷாப்டுக் குழிக்குள் விழுந்து போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். சுரங்கத்தை விட்டு வந்தாலும் அந்தச் சட்டம் அவரை விடவில்லை. மகன் டாக்ஸி வாங்கியதும் அவனையே பேங்க்ஸ்மேன் ஆக்கிவிட்டார். டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்காகக் கதவைத் திறக்கப் போய் வசவு வாங்காத டிரைவர் கிடையாது. முன் சீட்டில் உட்காருங்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அது கேப்டன், அதாவது சுரங்க மேலதிகாரி, உட்காருகிற இடமாம். கதவு உள்ளேயிருந்து திறக்காது என்றும் சொன்னேன். அவருக்கு அது குறையாகவே படவில்லை.

"வெளிய நிக்கிறவன் தொறப்பான். உள்ள இருக்கிறவன் வேல, நிக்கிறது."

சாப்பாட்டுப் பையில் வந்த பூட்டு

எங்கள் ஊருக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வருகிற வழியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தினமும் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் எங்கள் பார்சல் சர்வீஸ். எனக்கு வாய்த்தவள் ஸ்டெல்லா. எங்கள் தெருப் பெண், அங்கே ஒரு ஆபீஸில் கணக்கு பார்க்கிறாள். கடைக்காரனிடம் போனில் சொல்லிவிட்டால், சாயங்காலம் அவள் வாங்கிக்கொண்டு வருவாள்.

செல்வராஜின் லாக் செட்டையும் அப்படித்தான் வரவழைத்தேன். ஆசையாகப் பெட்டியைப் பிரித்தால், வலது கதவுக்கு உரியது. பார்க்க அச்சு அசல் ஒன்றுபோல் இருக்கும். கொக்கி மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கும். இடது கதவில் மாட்டவே முடியாது. போனில் கடைக்காரனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று அவன் பாட்டுக்குக் கன்னடத்தில் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றான். பெரியவருடைய கதவு இன்னும் சில நாள் அப்படியே கிடக்கவேண்டியதாயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. ஸ்டெல்லாவிடம் அதைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஆபீஸ் செக்யூரிட்டி என் பையில சாப்பாட்டத் தேடி இந்த இரும்பப் பாக்குறான் ணா. கார் திருடறவள்னு நெனச்சுக்கினு கீறான்."

பங்காருபேட்டை ஸ்டேஷன் வாசலில்

சரியான செட் ஒரு சனிக்கிழமை வந்தது. ஸ்டெல்லாவுக்கு அரை நாள் வேலை. அவள் ஏறிய மத்தியான ரயில் தங்கவயலுக்கு வராது, பங்காருபேட்டையோடு சரி. கோலார் ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வழியாகத்தான் வருகிறேன், பெட்டியை வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்கே வந்துவிடுகிறேன் என்று செல்வராஜ் போன் செய்தான். அன்றைக்கே மாட்டிவிடலாம் என்று நானும் மற்ற வேலையை ஒதுக்கிவைத்தேன்.

கோடை வெயில். ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தி, பின்னால் தன் இடத்தில் இருந்த அப்பாவிடம் "தோ வந்துட்டேன் பா" என்று சொல்லிவிட்டு, கை பழக்கத்தில் ரிமோட்டை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறான். தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியே இருந்தன. மற்ற மூன்று கதவும் பூட்டிக்கொண்டன. பெரியவர் பக்கத்துக் கதவு பூட்டவில்லை. யார் வேண்டுமானாலும் வெளியிலிருந்து ஒரு விரலால் இழுத்துத் திறந்திருக்கலாம். ரயில் தாமதம். இதோ வருகிறது, இதோ வருகிறது என்று பிளாட்பாரத்திலேயே நின்றிருக்கிறான். இறங்கி வந்த ஸ்டெல்லாவோடு காருக்குத் திரும்பியபோது, பெரியவர் கண்ணாடியில் சாய்ந்திருந்தார். இவன் கதவைத் திறந்ததும் அவன் மேலேயே சரிந்தார். ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள். உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

காருக்குப் பக்கத்திலேயே, மரத்து நிழலில், எங்கள் ஊர் டிரைவர்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் அவரை அறிந்தவர்கள், நல்லவர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடக்கத்தின்போதே அவர்களில் ஒருவனைப் பிடித்து உலுக்கிவிட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டு என்ன பிடுங்கினீர்கள் என்று கேட்டேன். அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அழுதான்.

"தட்டினாரு ணா. பாத்தோம். தொறந்தா திட்டுவாரே, புள்ள வந்து தொறக்கட்டும்னு வுட்டுட்டோம்."

புது லாக் செட்

காரியம் முடிந்த மறுநாள் செல்வராஜ் கடைக்கு வந்தான். மொட்டைத் தலை, கையில் அந்தப் பெட்டி. காரை விற்றுவிடுவான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். "மாட்டுங்க ணா" என்றான். டோர் பேடைக் கழற்றினேன், பழைய செட்டை எடுத்தேன், உள்ளே கிடந்த தூசியைத் துணியால் துடைத்தேன், புதியதை வைத்துத் திருகினேன், கம்பியை மாட்டினேன், ஒயரைச் சொருகினேன். கண்ணாடியின் உள்பக்கம், பெரியவர் தட்டுகிற இடத்தில், விரல் முட்டிகளின் அழுக்கு படிந்திருந்தது. அதைத் துடைக்க எனக்குக் கை வரவில்லை.

முடிந்தது என்றதும் அவன் பின்பக்கம் ஏறி, அப்பாவின் இடத்தில் உட்கார்ந்தான். கதவைச் சாத்தச் சொன்னான், சாத்தினேன். ரிமோட்டைக் கொடுத்துப் பூட்டச் சொன்னான், பூட்டினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முன்னால் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். நானே திறந்துவிடலாமா என்று கைப்பிடிக்குக் கையைக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அப்புறம் உள்ளிருந்த பூட்டுக் குமிழை விடுவித்து, கைப்பிடியை இழுத்தான். கதவு மெதுவாக என் பக்கம் வந்தது. அவன் இறங்கவில்லை.

"உள்ளேருந்து தொறக்குது ணா."

இப்போது பூட்டு மாற்ற வருகிற எல்லாரையும் பின் சீட்டில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, நீங்களே திறந்து இறங்குங்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கிறேன். முக்கால்வாசிப் பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வந்து திறப்பேன் என்று உட்கார்ந்தே இருக்கிறார்கள்.