பின்னோக்கி ஓடிய வாய்க்கால்

பிரிக்பீல்ட்ஸில் வீட்டுக்குப் பின்னால் ஆறு இருக்கிறது. அதன் பக்கம் நான் நின்று பார்ப்பதில்லை, நடந்துகொண்டே இருப்பேன். நின்றால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கண் தேட ஆரம்பித்துவிடும்.

கல்யாணமான புதிதில் நானும் என் பெண்டாட்டியும் கிள்ளானுக்குத் தெற்கே ஒரு சதுப்புத் தீவில் வாய்க்கால் வெட்டினோம். ரப்பர் நடக் காட்டை வடியவைக்க வேண்டும். நான் சங்குல் என்கிற மலாய் மண்வெட்டியால் சேற்றை வெட்டுவேன், அவள் கூடையில் வாங்கிக் கரையேற்றுவாள். கறுப்புச் சேறு, அழுகிய வேர், மறுபடி சேறு. தீவுக்குப் பாதை கிடையாது. கண்டல் விறகு எரித்து ஓடும் நீராவி லாஞ்சுதான் அரிசி கொண்டுவரும், கொப்பரை கொண்டுபோகும். கடல் ஏறும்போது துறைக்கு வரும், இறங்கும் முன்னே ஊதிவிட்டுக் கிளம்பிவிடும்.

அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து மூத்திரம் கறுத்துப் போனது. கிள்ளான் ஆஸ்பத்திரியில் சேர்த்தால்தான் பிழைப்பாள், அதற்கு அன்றைய லாஞ்சைப் பிடித்தாக வேண்டும்.

அன்று காலையில்தான் வாய்க்காலின் வாயை அடைத்திருந்த மண்கட்டை உடைத்து, துறை இருக்கும் ஆற்றோடு சேர்த்திருந்தோம். மதகுக்குப் பலகை இன்னும் வரவில்லை. தேங்கிக் கிடந்த மழைத்தண்ணீர் திமுதிமுவென்று ஆற்றுக்கு ஓடியதைப் பார்த்துக் கை தட்டியவர்களில் நானும் ஒருவன்.

தூளி கட்டித் தூக்கிப் போகலாம் என்றேன். கங்காணி விடவில்லை.

"கரையெல்லாம் புதுச்சேறுடா, முழங்கால் முங்கும். வாய்க்கா எதுக்கு வெட்டினோம்? படகுல படுக்க வை. தண்ணி ஆத்துக்குத்தான போவுது, அது பாட்டுக்குக் கொண்டுபோயி வுடும்."

"கங்காணி சொன்னதுலயே இது ஒண்ணுதான் உருப்படி" என்றான் என்னோடு மண் வெட்டும் கூட்டாளி. அவனும் ஏறிக்கொண்டான்.

எங்களுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. நாங்கள் காவிரிக் கரைக்காரர்கள். வாய்க்கால் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் போகும், அதற்கு வேறு புத்தி உண்டென்று யார் கண்டது?

"எனக்குப் பல்லக்கா?" என்றாள், குளிரில் பல் தந்தியடிக்க.

"ஆமாம், ராணியம்மா. ஆடாம படு" என்றான் கூட்டாளி.

பாதி தூரம் தண்ணீர் சொன்னபடி கேட்டது. அப்புறம் படகு மெல்லத் தயங்கியது. மிதந்து வந்த ஓலை ஒன்று எங்கள் பக்கத்தில் நின்றது, யோசித்தது போலிருந்தது, பிறகு வந்த வழியே திரும்பியது. படகும் திரும்பியது.

"டேய், என்னடா இது?"

நான் கழியை ஊன்றினேன். சேறு கழியை விழுங்கியது. நாக்கில் தெறித்த தண்ணீர் உப்புக் கரித்தது. கடல் ஏறித்தான் லாஞ்சு வருகிறது என்று தெரிந்த எங்களுக்கு, அதே கடல் நாங்கள் வெட்டிய வாய்க்காலுக்குள்ளும் ஏறும் என்று தெரியவில்லை.

இறங்கி, கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தோம். கரை சரிந்து சரிந்து எங்களோடு உள்ளே வந்தது. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னே.

"வுட்டுட்டு உக்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள்.

"நீ பேசாம இரு புள்ள."

கண்டல் மரங்களுக்கு மேலே புகை தெரிந்தது. கூட்டாளி தொண்டை கிழியக் கத்தினான்: "துங்கு! துங்கு லா!" நில்லுங்கள் என்று அவனுக்குத் தெரிந்த மலாயில். லாஞ்சு ஊதியது. புகை கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளான் பக்கம் வடக்கே நகர்ந்து போனது.

இடுப்பளவு சேற்றில் அப்படியே உட்கார்ந்தோம். அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கயிறு கையிலேயே இருந்தது.

எவ்வளவு நேரமோ. கயிறு என்னை இழுத்தது. தண்ணீர் மறுபடி ஆற்றுப்பக்கம் திரும்பியிருந்தது. ஏறிக்கொண்டோம். யாரும் கழி ஊன்றவில்லை. படகு வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப போவுதுல்ல?" என்றாள்.

"போவுது புள்ள."

"நல்லா போவுது" என்றாள். வாய்க்கால் வாயைத் தாண்டும் முன்பே என் கைக்குள் இருந்த அவள் கை கனத்துக் குளிர்ந்துவிட்டது.

வெறுந்துறை. தண்ணீரில் எண்ணெய்ப் படலம், கொஞ்சம் உமி. கூட்டாளி எட்டித் துறையின் மரக்காலைக் கட்டிப்பிடித்தான். பிடிக்காமல் விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் எங்களைக் கடல்வரைக்கும் கொண்டுபோயிருக்கும், அவ்வளவு வேகம்.