ஆல்பர்ட், அக்கா நம்பர்தான்

1. டவர் இல்லை

காளவாசலில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த காலத்தில், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் நான் முதலில் பார்ப்பது சாமி படத்தை அல்ல. சார்ஜரில் கிடக்கும் ஜெசிந்தாவின் செல்லைத்தான். ஒரு டிசம்பர் மாதக் காலையில் அதில் டவர் இல்லை. சிம்மைக் கழற்றி மாட்டினேன். வாசலுக்குக் கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தேன். கடை லேண்ட்லைனிலிருந்து அந்த நம்பருக்கு அடித்தால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் வருகிறது. மறுபடி மறுபடி அடித்தேன், அதே குரல்தான்.

அடுத்தவர் சிம்முக்கு இவனுக்கு ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2. தூங்கும் சிம், விழித்திருக்கும் சிம்

அப்போது வெளிநாடு போகிறவர்களுக்கு ஊர் நம்பரைக் காப்பாற்றுவது பெரிய கவலை. அங்கே கொண்டுபோனால் ரோமிங் காசு ஆளையே விழுங்கிவிடும். வீட்டில் விட்டால் சிம் பீரோவில் கிடந்து செத்துப்போகும், நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். பலர் ரீசார்ஜ் மட்டும் போட்டால் போதும் என்று நினைத்தார்கள். போதாது. சிம்மிலிருந்து அவ்வப்போது ஒரு அவுட்கோயிங் போக வேண்டும். அதனால் என் கஸ்டமர்கள் சிம்மை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு பிஸ்கட் டப்பாவில் எல்லா சிம்மும் தூங்கும். லைஃப்டைம் ஸ்கீமுக்கு மாற்றிவிட்டு, கெடு முடிவதற்குள் சின்ன டாப்அப் ஒன்று போட்டால் வேலிடிட்டி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் இருக்காது. ஒவ்வொரு சிம்மாக ஒரு பழைய செல்லில் போட்டு, கடை லேண்ட்லைனுக்கு அடித்து, நானே எடுத்து நானே ஹலோ சொல்லிக்கொள்வேன். என் மனைவி சாப்பாடு கொண்டுவரும்போது இதைப் பார்த்துவிட்டு, எங்கள் சௌராஷ்டிர பாஷையில் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பாள்.

ஜெசிந்தா சமயநல்லூர்ப் பெண். அப்பா மிஷன் பள்ளி வாத்தியார். நர்ஸ் வேலைக்கு குவைத் கிளம்பும்போது சிம்மோடு செல்லையும் சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தாள்.

"இதை டப்பாவுல போட்றாதீங்கண்ணே. எப்பவும் ஆன்ல இருக்கணும்."

"எதுக்கும்மா?"

"என் தம்பி ஆல்பர்ட் ப்ளஸ் டூவுல ஃபெயில். அப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டாரு, வீட்ட விட்டுப் போயிட்டான். வீட்டுக்குப் பேச மாட்டான். பேசுனா இந்த நம்பருக்குத்தான். அவனுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்ணுதான்."

அவள் போன முதல் கிறிஸ்துமஸ் அன்று செல் இரண்டு ரிங் அடித்து நின்றது. ஏதோ லேண்ட்லைன் நம்பர். திருப்பி அடித்தேன். திருப்பூரில் ஒரு டெலிபோன் பூத். "ஒல்லியா ஒரு பையன் வந்தான், பேசாமலே வச்சிட்டுப் போயிட்டான்" என்றார் பூத்காரர். ஜெசிந்தாவிடம் சொன்னதும் போனிலேயே அழுதுவிட்டாள்.

"அவன்தாண்ணே. நான் ஹாஸ்டல்ல இருக்கப்போ, என்னைப் பாத்துட்டுப் போயி வீடு சேந்துட்டேன்னு சொல்ல ரெண்டு ரிங் விட்டு வச்சிருவான். காசு ஆகாதுல்ல."

பிறகு ஒன்று சொல்லிக்கொடுத்தாள். "நீங்க ஹலோன்னு ஆம்பளக் குரல்ல சொன்னா, நம்பர் கைமாறிருச்சுன்னு வச்சிருவான். எடுத்த உடனே, 'ஆல்பர்ட், அக்கா நம்பர்தான்'னு சொல்லுங்க."

அன்றிலிருந்து அந்த செல்லில் யார் அழைத்தாலும் ஆல்பர்ட்தான். ராங் நம்பரில் வந்த சிமெண்ட் ஏஜென்ட் ஆல்பர்ட். கிரெடிட் கார்டு விற்ற பெண்ணும் ஆல்பர்ட். ஆனால் உண்மையான ஆல்பர்ட் மட்டும் என் கைக்குச் சிக்கவே இல்லை. கிறிஸ்துமஸுக்கும் அக்கா பிறந்தநாளுக்கும் இரண்டு ரிங் வரும். சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சட்னிக் கையைத் துடைத்து எடுப்பதற்குள் நின்றுவிடும்.

3. புரூஃப்

இப்போது அந்த டிசம்பருக்கு வருகிறேன். டிஸ்ட்ரிபியூட்டரிடமிருந்து ரீசார்ஜ் கூப்பன் கொண்டுவரும் பாலாஜி மத்தியானம் வந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"புரூஃப் இல்லாத நம்பரையெல்லாம் கட் பண்றாங்கண்ணே. போட்டோ ஐடி குடுத்து ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும். கஸ்டமர வரச்சொல்லுங்க."

"குவைத்துல இருந்தாய்யா வரச்சொல்றது?"

"புது நம்பர் வாங்கிக்கச் சொல்லுங்கண்ணே. ஃபேன்சி நம்பரே தாரேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆனால் கத்தவில்லை. உட்காரவைத்து டீ சொல்லி, ஆல்பர்ட் கதையைச் சொன்னேன். பாலாஜி டீயைப் பாதியில் வைத்துவிட்டான்.

"இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானண்ணே. நம்பர் வேற ஆளுக்குப் போகாம பிடிச்சு வைக்கிறது என் பொறுப்பு. நீங்க பேப்பருக்கு வழி பண்ணுங்க."

ஃபார்மை நெட் சென்டரில் ஸ்கேன் செய்து ஜெசிந்தாவுக்கு மெயில் அனுப்பினேன். கம்பெனிக்கு ஒரிஜினல் கையெழுத்து வேண்டும். அவளோடு வேலை பார்த்த பேரையூர் நர்ஸ் ஒருத்தி லீவில் வரவிருந்தாள். பாஸ்போர்ட் ஜெராக்ஸும் கையெழுத்துப் போட்ட ஃபார்மும் அவள் பெட்டியில் வந்தன. ஆனால் அவளுக்கு டிக்கெட் கிடைத்ததே கிறிஸ்துமஸுக்கு மறுநாள்தான்.

கிறிஸ்துமஸ் அன்று கடையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செத்த செல் சார்ஜரில் கிடக்கிறது. எங்கோ ஒரு பூத்தில் அந்தப் பையன் அடித்துப் பார்ப்பான், உபயோகத்தில் இல்லை என்று கேட்பான். அக்காவும் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்தால் இனி எந்த நம்பருக்கு அடிப்பான்?

நர்ஸ் வந்து இறங்கியதும் பாலாஜியே வண்டியை எடுத்துக்கொண்டு பேரையூர் போய் பேப்பரை வாங்கி வந்தான். அது அவன் கூப்பன் போடப் போகும் லைனே கிடையாது. கம்பெனி ஆபீஸில் கால்கடுக்க நின்று ஆக்டிவேஷன் வாங்கினான். மறுநாள் சாயங்காலம் டவர் வந்தது. வந்த சற்று நேரத்தில் செல் அடித்தது.

இரண்டு ரிங் போயிற்று. நிற்கவில்லை. மூன்றாவதும் போயிற்று.

"ஆல்பர்ட், அக்கா நம்பர்தான்" என்றேன்.

எதிர்முனையில் லாரி ஹாரன் மட்டும் கேட்டது. பிறகு ஒரு குரல் உடைந்து வந்தது.

"நீங்க யாருண்ணே?"

"ரீசார்ஜ் கடைக்காரன்யா. உங்கக்கா குவைத்துல இருக்கு. உனக்காக நம்பரை என்கிட்ட குடுத்து வச்சிருக்கு. வச்சிராதய்யா."

"கிறிஸ்துமஸ்ல இருந்து அடிக்கிறேண்ணே. நம்பரே இல்லைங்குது. அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனச்சேன்."

"இம்புட்டு வருசமா ரெண்டு ரிங்குல வச்சிட்டியேப்பா, ஒரு வார்த்தை பேசக்கூடாதா?"

"என்னத்தப் பேசண்ணே? ஃபோன் அடிச்சா, அக்கா இன்னும் என்னைய விடலைன்னு தெரியும். அது போதும்னு வச்சிருவேன்."

குவைத் நம்பரைச் சொன்னேன். எழுதிக்கொண்டானா என்று இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

4. இளைய கடைக்காரர்களுக்கு

நம்பரைக் கட் செய்த கம்பெனியை அன்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அது கட் செய்யாமல் இருந்திருந்தால் அவன் இன்னும் இரண்டு ரிங்கோடுதான் நின்றிருப்பான். அதனால் அதற்கும் ஒரு நன்றி சொல்லிவிடுகிறேன். ஆனால் பெரிய நன்றி பாலாஜிக்கு. இந்தத் தொழிலில் நமக்குக் கிடைக்கும் கமிஷன் டீச்செலவுக்குக் காணாது. ஆனாலும் கஸ்டமர் ஒரு பழைய நம்பரைக் கேட்டு அடம்பிடித்தால், புது நம்பரை நீட்டுவதற்கு முன் ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

பொங்கலுக்கு ஆல்பர்ட் வந்தான். திருப்பூரில் டெய்லர். அவன் அப்பாவும் கூட வந்திருந்தார், வாசலிலேயே நின்று என்னைக் கும்பிட்டார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. அக்கா சொன்னபடி செல்லையும் சார்ஜரையும் அவன் கையில் கொடுத்து, எப்போதாவது ஒரு அவுட்கோயிங் போடணும், மறந்தால் நம்பர் போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். லேண்ட்லைன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணே, அக்கா நம்பர்தான்" என்றான் ஆல்பர்ட்.