கோழிக்கும் பச்சவெள்ளம் ஆகாது!

யார் காலையும் பிடிக்காமல் இந்த வயதுவரை வந்துவிட்டேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. மாற்றல் வேண்டும் என்று மேலதிகாரி காலைப் பிடித்ததில்லை. பையனுக்கு சீட் வேண்டும் என்று கல்லூரிக்காரர் காலைப் பிடித்ததில்லை. அந்தப் பெருமை போன மாதம் பள்ளுருத்தியைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் காற்றில் பறந்தது.

பிடித்தது யார் காலை என்கிறீர்கள்? ஒரு கோழியின் காலை!

சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்துக்கும் கோழிக்கும் உள்ள உறவு பக்கத்து வீட்டு வாசனையோடு சரி. தலைமுறை தலைமுறையாகக் கொச்சி மட்டாஞ்சேரியில் இருந்தும் அதற்கு மேல் நெருங்கியதில்லை. எல்லாம் இந்தச் செல்வியால் வந்தது.

செல்வி எங்கள் வீட்டில் பல வருஷம் சமைத்தவள். அவள் அப்பா காலத்தில் நகராட்சி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவள் பிறந்ததே கொச்சியில்தான். ஒருநாள் புளி கரைத்துக்கொண்டே சொன்னாள்: "மாமி, அடுத்த மாசம் தொட்டு நான் வரல. கோழி வளக்கப் போறேன்."

கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்தாயிற்றாம். ஒரு கம்பெனி பிராய்லர் குஞ்சும் தீவனமும் கொடுக்குமாம். இவள் வளர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

"ரொம்ப சந்தோஷம்டி, நன்னா இரு" என்று வாழ்த்தினேன். வாய்தான் வாழ்த்தியது. மனசு என்ன சொன்னது தெரியுமா? 'எத்தனை நாளைக்கு? கைப்பக்குவம் உள்ளவள்... கோழி கொத்தினால் திரும்பி நம் அடுக்களைக்குத்தானே வரணும்!' — அப்படி ஒரு நல்ல மனசு எனக்கு.

மழை பிடித்துக்கொண்ட நேரம். ஒரு காலையில் போன்.

"மாமி... ஒண்ணு வர முடியுமா? கோழிக்கெல்லாம் காலு வய்யா. ரெண்டு நாளா ஒண்ணும் எந்திரிக்கவே இல்ல." குரல் உடைந்திருந்தது.

ஆட்டோ பிடித்துப் போனேன். வாய்க்கால் கரையில் கொட்டகை. உள்ளே சில நூறு வெள்ளைக் கோழிகள், கல்யாண மண்டபத்தில் சாப்பாடு முடிந்த மாதிரி அங்கங்கே உட்கார்ந்திருந்தன. கிட்டே போனால் ஓட வேண்டாமோ? ஒன்றும் அசையவில்லை.

"கம்பெனி சூப்பர்வைசருக்கு போட்டோ அனுப்பணும். நான் கோழியப் புடிச்சா போனப் புடிக்க முடியல. நீங்க ஒரு கை..."

கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன். கண்ணைத் திறந்ததும் பாவமாகிவிட்டது. உள்ளங்கால் முழுக்கக் கறுத்துப் புண். மழைக்காலத்தில் தண்ணீரில் நின்று வேலை பார்ப்பவர்களுக்குக் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருமே... அதேதான். அது என் கையைக் கொத்தக்கூட இல்லை. கொத்தத் தெம்பு இல்லை.

செல்வி விஷயத்தைச் சொன்னாள். தீவனத்தில் கோதுமை, தவிடு எல்லாம் இருக்கிறது. அது சரியாகச் செரிக்கவில்லை என்றால் எச்சம் பசை மாதிரி இளகிப் போகும். கீழே பரப்பிய மரத்தூள் சொதசொதவென்று ஆகும். பிராய்லரோ கிடுகிடுவென்று எடை போடுகிற ஜாதி. அத்தனை எடையையும் தூக்கிக்கொண்டு அந்த ஈரத்திலேயே நிற்கிறது. கால் புண்ணாகாமல் என்ன செய்யும்? கால் வலித்தால் தீவனத் தட்டுவரை நடக்காது. நடக்காவிட்டால் வளராது.

சூப்பர்வைசர் பெயர் ஜோபி. அதற்கு முந்தின வாரமே வந்து பார்த்து, மரத்தூளைக் கிளறி மாற்றச் சொல்லியிருக்கிறார். செரிமானத்துக்கு என்சைம் பொடி ஒரு பாக்கெட் கொடுத்து, தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொல்லியிருக்கிறார். போகும்போது ஒன்று சொன்னாராம்: "சேச்சி, கோழி எடுக்கான் வரும்போழும் காலு இங்ஙனே ஆணெங்கில் அடுத்த பேட்ச் தராம்பற்றில்லா."

கோழியை எடுக்க வரும்போதும் கால் இப்படியே இருந்தால் அடுத்த பேட்ச் கிடையாதாம். அடுத்த பேட்ச் இல்லையென்றால் கொட்டகை இல்லை. கொட்டகை இல்லையென்றால்... செல்வி எங்கள் வீட்டு அடுக்களை!

நல்ல மனசு மறுபடி எட்டிப் பார்த்தது. 'பார்த்தாயா? நான்தான் சொன்னேனே' என்றது. சட்டென்று செல்வியைப் பார்த்தேன். அவள் அந்தக் கோழியின் காலில் ஒட்டியிருந்ததைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"பொடி கொடுத்தியோன்னோ?"

"தினம் கொடுக்கறேன் மாமி. ஒரு நாள் மொடக்கினதில்ல. தூளும் மாத்தியாச்சு. ஆனா எச்சம் அப்படியேதான் இளகிப் போகுது. என் ராசிதான் சரியில்ல. நீங்க மொதல்ல கொஞ்சம் வெள்ளம் குடிங்க."

டம்ளரில் கொண்டுவந்தாள். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். கேரளா வந்து ஓட்டலில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும். இங்கே யாரும் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. 'பச்சவெள்ளம்' என்றாலே முகம் சுளிப்பார்கள். மூன்று தலைமுறையில் நாங்களும் அப்படித்தான் ஆகிவிட்டோம்.

ஊதி ஊதிக் குடித்தபடி கொட்டகையைப் பார்க்கிறேன். கோழிகள் குடிக்கும் தண்ணீர்க் குடுவைகள்... அதிலும் இளஞ்சிவப்பு!

"இதென்னடி கலர்?"

"அதுங்களுக்கும் பதிமுகம்தான் மாமி. நம்ம புள்ளைங்களுக்கே பச்சவெள்ளம் கொடுக்க மாட்டோம், வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்கலாமா? அதும் இந்த மழையில!"

கொட்டகைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டினாள். விறகடுப்பு. அதன்மேல் வாடகைக்கு எடுத்த பிரியாணி அண்டா! அதைப் பார்த்துக் கோழிகள் என்ன நினைத்தனவோ...

"பொடியை எப்போ போடுவே?"

"தளதளன்னு கொதிக்கும்போதுதான். அப்பத்தானே நல்லா எறங்கும்? பெறகு ஆறவெச்சு ஊத்துவேன்."

எனக்கு என்சைமும் தெரியாது, கோழியும் தெரியாது. ஆனால் ஏதோ உறுத்தியது. ஜோபிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "இந்தப் பொடியைக் கொதிக்கவைக்கலாமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஜோபி அலறினார்.

"அய்யோ! திளப்பிச்சோ? என்றெ சேச்சி, எல்லாம் போயில்லே! சூடு தட்டியால் என்சைம் செத்துப்போகும்! பச்சவெள்ளத்தில் கலக்கணும்!"

செல்வி விழித்தாள். "மருந்து எப்படி மாமி சாகும்?"

"கொதிக்கிற பால்ல உறைமோர் குத்துவியோடி?"

அவ்வளவுதான். சமையல்காரி இல்லையா, தலையில் கை வைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ! இத்தன நாளா மருந்தக் கொன்னுட்டு, கோழிக்குக் கலர்த் தண்ணியா காட்டினேன்?" அடுத்த கணமே எழுந்து போய் அடுப்பை அவித்தாள். நெருப்பு அணைந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயம்.

யோசித்துப் பார்க்கிறேன். அவள் சோம்பேறியாக இருந்திருந்தால் கோழிகள் எப்போதோ பிழைத்திருக்கும்! குழாயைத் திறந்து, பொடியைக் கொட்டி, போய்ப் படுத்திருப்பாள். அக்கறை அதிகமானதுதான் வம்பு. நமக்கு யார்மீதாவது பாசம் வந்தால் முதலில் செய்வது என்ன? அடுப்பைப் பற்றவைப்பது. இல்லையா?

அப்புறம் தினம் ஒரு போன். "மாமி, எச்சம் கட்டியாப் போகுது!" — நான் இட்லியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து. "மாமி, தூளு நல்லா ஒணங்கிக் காஞ்சிடுச்சு!" "மாமி, மூலையில இருந்த ஒண்ணு எந்திரிச்சு நடந்துச்சு!" கோழி எச்சத்தின் நிலவரத்தைக் கேட்க நான் காத்திருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா?

போன வாரம் ஜோபி வருகிற நாள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் போய்விட்டேன்.

மனுஷர் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. ஒவ்வொரு கோழியாகத் தூக்கினார். காலைத் திருப்பினார். விரலால் அழுத்தினார். கீழே விட்டார். நான் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். கோழிக்காலுக்காக வேண்டிக்கொள்ள எந்தச் சாமி சரி என்று தெரியாததால் யாரையும் விடவில்லை. தழும்பு இருந்தது. சிலவற்றுக்குக் கொஞ்சம் கறுப்பும் இருந்தது. ஆனால் புண் ஆறிவிட்டிருந்தது. கடைசியாக விட்ட கோழி இறக்கையை அடித்துக்கொண்டு என் கால் பக்கமாக ஓட்டமெடுத்தது.

"குழப்பமில்ல சேச்சி. அடுத்த பேட்ச் தராம்" என்றார் ஜோபி. தருகிறாராம்!

செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்கும் கண்ணில் தண்ணீர். இத்தனை பாடுபட்டுத் தேற்றிய கால்கள் கடைசியில் எங்கே போகும் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியும். இருக்கிற நாள்வரை வலியில்லாமல் நிற்கட்டுமே.

ஆக, செல்வி இனி எங்கள் வீட்டுக்கு வரப்போவதில்லை. உறுதி. அன்று வீட்டுக்கு வந்து நானே ரசம் வைத்தேன். புளி தூக்கல், உப்பு இல்லவே இல்லை.

இத்தனை மோசமான ரசத்தை இத்தனை சந்தோஷமாக நான் சாப்பிட்டதே இல்லை!