ங பெட்டியில் நின்ற சீட்டு

அந்த அகராதி அலுவலகத்தில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். ஐம்பதைத் தொட இன்னும் இரண்டு வருடம். இருபத்து மூன்று வருடமாக அவள் செய்வது ஒரே வேலைதான். உள்ளங்கை அகலச் சீட்டில் ஒரு சொல்லை எழுதி, அது எதிலிருந்து பிறந்தது, என்ன பொருள், எப்படி வழங்குகிறது என்று கீழே எழுத வேண்டும். பிறகு அந்தந்த எழுத்துக்கு உரிய மரப்பெட்டியில் சீட்டைப் படுக்கப் போட வேண்டும். சந்தேகம் இருந்தால் மட்டும் நிமிர்த்தி வைக்கலாம். மறுபடி பார்க்க வேண்டிய சொல் என்று அதற்கு அர்த்தம்.

'க' பெட்டி பிதுங்கி வழியும். 'ங' பெட்டியோ காற்றாடும். ங-வில் தொடங்கும் சொற்களை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் விரல்தான் மிஞ்சும். அதனால் அந்தப் பெட்டியை யாரும் சீந்துவதில்லை, இரண்டு பேரைத் தவிர.

ஒருத்தி சீட்டக்கா. இன்னொருவர் பிழை திருத்துகிறவர். மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. கண்ட இடத்தில் கால்புள்ளி போடுவார் என்பதால் அவர் பெயரே கால்புள்ளி ஆகிவிட்டது. பேச்சும் அப்படித்தான். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்ததும் நாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாலும் முடிவைத் தவற விட மாட்டோம்.

ங பெட்டியில் ஒரு சீட்டு நிமிர்ந்து நின்றால், நாலு மணிக்கு மாடியில் பழைய தாள் அறைக்கு வரவும் என்று பொருள். சீட்டு வைப்பவர் அவர், போகிறவள் இவள். ஏதோ பெரிய லீலை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு பேரும் ஆளுக்கொரு தாள்கட்டின் மேல் உட்கார்ந்து கால் மணி நேரம் பேசுவார்கள். தூசி தாங்காமல் மாறி மாறித் தும்முவார்கள். இறங்கி வந்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் சீட்டக்கா மற்ற இருபத்து மூன்றே முக்கால் மணி நேரத்தையும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

இதற்கு ஏன் ஒளிவுமறைவு? கல்யாணமாகாத சீட்டக்கா இருப்பது அண்ணன் வீட்டில். அண்ணி கெட்டவள் இல்லை. வாய்தான் கொஞ்சம் நீளம். "இந்த வயசுல" என்று அவள் ஆரம்பித்தால் போதும், வாக்கியத்தை முடிக்கவே வேண்டாம், எதிரில் இருப்பவர் சுருங்கிப் போய்விடுவார். அதற்குப் பயந்தே சீட்டக்கா வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் தாள் அறையில் கால்புள்ளி கேட்டே விட்டார். "எத்தனை நாளைக்கு, இப்படியே, தும்மிக்கிட்டு இருக்கிறது? நாம, கல்யாணம், பண்ணிக்கலாமே."

அவள் தாள்கட்டை விட்டு எழுந்துகொண்டாள். "அடுத்த தடவை சொல்றேனே" என்றாள்.

"அவசரமில்ல. அடுத்த தடவை சீட்டு வைக்கும்போது, சம்மதம்னா, வாங்க. இல்லைன்னா, வர வேணாம். நான், புரிஞ்சுக்குவேன்."

மூன்று ராத்திரி தூக்கம் போனது. அண்ணி என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று சீட்டக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் ங பெட்டியை ஒரு விரல் அளவுக்கு இழுத்துப் பார்த்தாள். சீட்டு நின்றது. யார் கண்ணிலும் படாமல் சட்டென்று மூடிவிட்டாள். நாலு மணிக்கு மாடிக்குப் போனாள். நாலேகால், நாலரை, நாலே முக்கால். ஒரு ஈ காக்கை கூட வரவில்லை.

கூப்பிட்டுவிட்டுப் பின்வாங்கிவிட்டார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். அவமானத்தில் முகம் எரிந்தது. அதற்குப் பிறகு ங பெட்டி இருந்த பக்கமே அவள் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் ஏனோ கண்ணைத் தாழ்த்திக்கொண்டே போனார்.

போதாததற்கு, அந்த வாரம் அவளுக்கு வாய்த்த சொல் 'குறியிடம்'. பழைய காதல் பாட்டுகளில் காதலர்கள் ரகசியமாகச் சந்திக்கும் இடம். குறி என்றால் அடையாளம். இன்ன இடம் என்று முன்பே குறித்து வைத்ததால் குறியிடம். பகலில் சந்தித்தால் பகற்குறி, வீட்டை விட்டு எட்டத்தில். இரவில் என்றால் இரவுக்குறி, அது வீட்டுக்கு மிக அருகில், வீட்டார் பேச்சுக்குரல் காதில் விழுகிற தூரத்தில். என்ன துணிச்சல் பாருங்கள்! எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதியவள், எடுத்துக்காட்டு என்ற இடத்துக்கு வந்ததும் ஆத்திரத்தில் எதையோ கிறுக்கினாள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு சீட்டு எழுதுவதாகத்தான் எண்ணம். அதற்குள் யாரோ கூப்பிட, சீட்டு கட்டோடு கட்டாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் அகராதி ஆசிரியர் அந்த வாரச் சீட்டுகளை எல்லோர் முன்னாலும் உரக்கப் படிப்பார். குறை கண்டவர் கையைத் தூக்க வேண்டும். குறியிடம் வந்தது. பிறப்பு, பொருள் எல்லாம் படித்து முடித்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதே கணீர்க் குரலில் தொடர்ந்தார்: "எடுத்துக்காட்டு. குறியிடத்தில் முக்கால் மணி நேரம் தும்மியதுதான் மிச்சம். வரச் சொன்ன பெரிய மனுஷரைக் காணோம்."

தட்டச்சு செய்கிற பெண் களுக்கென்று சிரித்தாள். "சீட்டக்கா, இது எந்த நூல்ல வருது?" என்று ஆசிரியர் உண்மையாகவே கேட்டார். சீட்டக்காவுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அப்போது கால்புள்ளி கையைத் தூக்கினார். "அது, தப்பு, ஐயா. நான் செவ்வாய்க்கிழமை, சீட்டு வைக்கவே இல்ல. புதன்கிழமைதான், வச்சேன். அவங்கதான், வரல."

"எந்தச் சீட்டு? எங்க வச்சீங்க?" என்றார் ஆசிரியர்.

"ங பெட்டியில, ஐயா. நிமிர்த்தி."

"செவ்வாய்க்கிழமை அதுல வச்சது நானாச்சே!" என்றார் ஆசிரியர். "ஒரு பழைய புத்தகத்துல ங-வுல ஒரு சொல் அகப்பட்டுது. சந்தேகமா இருந்தது, நிமிர்த்தி வச்சேன். அன்னிக்குச் சாயங்காலமே எடுத்துட்டேன். அதுக்கென்ன இப்ப?"

சீட்டக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. இதற்கும் ஒரு சொல் இருக்கிறது: அல்லகுறி. காதலன் செய்வதாகச் சொன்ன அடையாளம் அவன் செய்யாமலே நேர்ந்துவிடும். வந்துவிட்டான் என்று நம்பிப் போன காதலி ஏமாந்து திரும்புவாள். அதன்பின் அவன் உண்மையாகவே வந்து அடையாளம் செய்யும்போது அவள் வர மாட்டாள். இந்தச் சொல்லுக்கும் சீட்டு எழுதியவள் அவளேதான். எழுதியவளுக்கே உறைக்கவில்லை!

கால்புள்ளி நாற்காலியை விட்டு எழுந்திருந்தார். சுற்றியிருந்த ஒருவரும் அவர் கண்ணில் படவில்லை.

"அப்போ, செவ்வாய்க்கிழமை, நீங்க, வந்தீங்களா?"

"வந்தேன்" என்றாள் சீட்டக்கா.

அந்த ஒரு சொல்லில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சற்று முன் சிரித்த தட்டச்சுப் பெண்ணே கண் கலங்கிவிட்டாள். விஷயம் கடைசியாகப் புரிந்தது ஆசிரியருக்குத்தான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எது எப்படியோ, எடுத்துக்காட்டை மாத்தியாகணும்" என்றார்.

"மாத்திடுறேன் ஐயா" என்ற சீட்டக்கா, கால்புள்ளியின் பக்கம் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க. அண்ணனும் அண்ணியும் இருக்கிற நேரமாப் பார்த்து, வாசல் வழியா வாங்க."